எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது?

மாற்றுச் சிறுநீரகம் வைத்துப் பிழைத்த உழைப்பாளி ஒருவர், ஓராண்டு கழித்துத் தொடைச் சந்து வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். "எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றுமில்லை" என்று சொல்லி நாலு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர் நொண்டிக்கொண்டே திரும்பி வருகிறார். இரண்டாவது எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை நசுங்கிக் கிடக்கிறது. "இனி மூட்டையே மாற்ற வேண்டியதுதான்" என்கிறார்கள்.

முதல் எக்ஸ்ரே பொய் சொல்லிற்றா? இல்லை. தனக்குத் தெரிந்ததை அது சொல்லிற்று. அதற்குத் தெரியாத விஷயத்தை அதனிடம் கேட்டு, அதன் பதிலை முடிந்த தீர்ப்பாக எடுத்துக் கொண்டதில்தான் கோளாறு இருக்கிறது.

நாம் சொல்ல வருவது இதுதான்: மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு இடுப்பு மூட்டில் வலி வந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது முடிவல்ல, அது ஆரம்பம். காரணம் கண்டுபிடிக்கப்படும் வரையில், தேவையானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வரையில், விசாரணை நடந்தாக வேண்டும். இது பணக்கார நோயாளி கேட்டு வாங்கும் சலுகை அல்ல. நின்றும் குனிந்தும் பிழைக்கிறவனுக்கு இடுப்பு மூட்டு என்பது அவன் கூலி. அவன் வீட்டு அடுப்பு.

நமக்கு ஏன் இந்தப் பேச்சு?

"சிறுநீரக மாற்று ஆபரேஷன் பெரிய இடத்து விவகாரம், மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் அதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் காலம் போய்விட்டது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1954-ஆம் ஆண்டு, ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்கு வைத்து டாக்டர் ஜோசப் மர்ரே வெற்றி கண்டார். நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது. இறந்தவர்களின் உறுப்புகளைப் பெற்று நோயாளிகளுக்கு வைக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2008-இல் துவக்கியது. இன்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இதற்கு உதவுகிறது. சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் சிறுநீரகம் கெட்டுப் போகிறவர்களில் ஏழை எளிய ஜனங்கள் ஏராளம். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் வெயிலில் உழைக்கும் விவசாய மக்களையே இந்த நோய் கூட்டம் கூட்டமாகத் தாக்கியிருக்கிறது. ஆகவே இது நம்முடைய விவகாரம்தான்.

எலும்பு எப்படிச் சாகிறது?

பிறர் உறுப்பை உடம்பு எளிதில் ஏற்காது. அந்நியன் என்று எண்ணித் தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்கத்தான் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நாள் தவறாமல் மருந்து சாப்பிடுகிறார். அவற்றில் ஒன்று ஸ்டீராய்டு வகை. பிரட்னிசோலோன் என்பது அதன் வழக்கமான பெயர். ஆபரேஷன் நடந்த புதிதில் இதை அதிக அளவில் கொடுப்பார்கள். உடம்பு சிறுநீரகத்தை ஒதுக்க முற்பட்டால், இன்னும் பெரிய அளவில் ஊசி மூலம் ஏற்றுவார்கள்.

இந்த மருந்து சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் சிலருக்கு எலும்பின் மீது கை வைக்கிறது.

இடுப்பு மூட்டு எப்படி அமைந்திருக்கிறது? ஆட்டுக்கல்லின் குழியில் குழவி உட்கார்ந்து சுழலுவது மாதிரி, இடுப்பு எலும்பின் குழியில் தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்கார்ந்து சுழலுகிறது. உடம்பின் பாரமெல்லாம் அதன் மேல் இறங்குகிறது. ஆனால் அந்த உருண்டைக்கு ரத்தம் கொண்டு வரும் நாளங்களோ மிகச் சிறியவை. தஞ்சைச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அது கடைமடை நிலம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். ஸ்டீராய்டினால் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு பெருத்து உள்ளே அழுத்தம் கூடுவதும், நுண்ணிய நாளங்கள் அடைபடுவதும் காரணமாகி, அந்த இடத்துக்கு ரத்தம் நின்று போகிறது. எலும்பு செத்துப் போகிறது. டாக்டர்கள் இதை ஏ.வி.என். என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள்.

பெரும்பாலும் மருந்து அதிக அளவில் கொடுக்கப்படும் முதல் சில மாதங்களிலேயே இந்தச் சேதம் துவங்கி விடுகிறது. வலியோ மெதுவாக, மாதக்கணக்கில் பின்தங்கி வருகிறது. அதற்குள் நோயாளி வேலைக்குத் திரும்பியிருப்பார். ஸ்டீராய்டினால் வரும் இந்த நோய் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு பக்கத்தையும் பிடிக்கிறது. ஒரு பக்கம் வலிக்கும்போது மறுபக்கம் சத்தமில்லாமல் செத்துக் கொண்டிருக்கலாம்.

பழைய நாட்களில் ஸ்டீராய்டை மிக அதிகமாகக் கொடுத்தார்கள். இந்த நோயும் அதிகமாக இருந்தது. 1980-களில் சைக்ளோஸ்போரினும் அதன் பின் டாக்ரோலிமஸும் வந்த பிறகு ஸ்டீராய்டின் அளவு குறைந்தது, நோயும் குறைந்தது. குறைந்ததே தவிர, ஒழியவில்லை.

எக்ஸ்ரேக்குத் தெரியாதது எது?

எக்ஸ்ரே என்பது நிழல். எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கதிரைத் தடுப்பதால் அந்த நிழல் விழுகிறது. எலும்பு செத்த உடனே அந்தச் சுண்ணாம்பு எங்கும் போய்விடுவதில்லை. உயிருள்ள எலும்பின் நிழலும், நேற்றுச் செத்த எலும்பின் நிழலும் ஒன்று போலவே இருக்கும். வீட்டின் சுவரை மட்டும் பார்த்தால், உள்ளே குடியிருப்பவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொல்ல முடியுமா?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்ப்பது சுவரை அல்ல, குடியிருப்பவனை. காந்த சக்தியைக் கொண்டு, எலும்பு மஜ்ஜையில் உள்ள நீரையும் கொழுப்பையும் அது படம் பிடிக்கிறது. எலும்பின் ஒரு பகுதி செத்துவிட்டால், செத்த இடத்துக்கும் உயிருள்ள இடத்துக்கும் நடுவில் வரப்புப் போட்டது போல ஒரு கோடு தெரியும். சில படங்களில் இருட்டும் வெளிச்சமுமாக இரண்டு கோடுகள் அடுத்தடுத்துத் தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும் முதல் கட்டத்திலேயே, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த நோயை எம்.ஆர்.ஐ. காட்டிக் கொடுத்துவிடுகிறது.

நோய் முற்ற முற்ற எக்ஸ்ரேயிலும் தெரிய ஆரம்பிக்கும். இரண்டாவது கட்டத்தில் எலும்புத் தலையில் திட்டுத் திட்டாக மாறுதல் தெரியும். மூன்றாவது கட்டத்தில் மேற்பரப்புக்குக் கீழே பிறை வடிவில் கோடு விழும். அதன் பொருள் உள்ளே எலும்பு நொறுங்குகிறது என்பது. நாலாவது கட்டத்தில் உருண்டை தட்டையாகிக் குழியும் கெட்டு, மூட்டே பாழாகி விடுகிறது. எக்ஸ்ரே உறுதியாகச் சொல்லும் வரை காத்திருப்பது, கூரை சரிந்த பிறகு உத்திரத்தில் கரையான் இருந்தது என்று கண்டுபிடிப்பதற்குச் சமம்.

முன்கூட்டிக் கண்டால் என்ன லாபம்? எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லுவது பொய்யாகும். ஆனால் செத்த பகுதி எவ்வளவு பெரியது, பாரம் தாங்கும் இடத்தில் இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. அளந்து சொல்லும். சிறிய அளவில் இருந்தால் அது நசுங்காமலே நின்றுவிடுவதும் உண்டு. நசுங்குவதற்கு முன்பாக இருந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் ஆபரேஷன் செய்து மூட்டைக் காக்க முயலலாம். ஊன்றுகோலும் இலகுவான வேலையும் கொடுத்துப் பாரத்தைக் குறைக்கலாம். நசுங்கிய பிறகு இந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டுப் போகின்றன. மூட்டு மாற்று ஆபரேஷன் நல்லதுதான், வலியைப் போக்குகிறது. ஆனால் குந்துவதையும் சம்மணம் போடுவதையும் பல டாக்டர்கள் அதற்குப் பிறகு தடுக்கிறார்கள். நாற்று நடுகிற பெண் குந்தாமலும் குனியாமலும் எப்படிப் பிழைப்பாள்?

"இடுப்பு" என்றால் எந்த இடுப்பு?

நம் பேச்சு வழக்கிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. முதுகின் அடிப்பாகம் வலித்தாலும் "இடுப்பு வலி" என்கிறோம். பிரசவ வேதனையும் "இடுப்பு வலி"தான். தொடைச் சந்து வலித்தாலும் அதே சொல். நோயாளி "இடுப்பு வலி" என்கிறார். அவசரத்தில் இருக்கும் டாக்டர் முதுகெலும்பைப் படம் எடுக்கச் சொல்லி விடுகிறார். வயதான எவருக்கும் முதுகெலும்பில் ஏதாவது தேய்மானம் இருக்கத்தான் செய்யும். அதைக் காட்டி வைத்தியம் நடக்கிறது. அங்கே எலும்பு சாகிறது.

இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில், கவட்டைப் பக்கத்தில் வரும். தொடை வழியாக இறங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் அது சுத்தமாக இருக்கும்! ஆகவே டாக்டரிடம் "இடுப்பு" என்று வாயால் சொல்லி நிறுத்தாமல், வலிக்கிற இடத்தைக் கையை வைத்துக் காட்டுங்கள். நடக்கும்போது வருகிறதா, இரவிலும் வருகிறதா, காலை உட்பக்கம் திருப்பினால் வலிக்கிறதா என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, "எனக்கு மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது, ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் விசாரணையின் திசையையே மாற்றும்.

வேறு காரணங்களும் உண்டு

ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரின் வலியெல்லாம் ஏ.வி.என். என்று முடிவு கட்டுவதும் தவறு. படம் எடுப்பதே காரணங்களைப் பிரித்துப் பார்க்கத்தான்.

நீண்ட நாள் சிறுநீரக நோயால் எலும்பு முன்பே பலவீனப்பட்டிருக்கும்; ஸ்டீராய்டு அதை இன்னும் மெலிய வைக்கும். கீழே விழாமலே தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை போல் விரிசல் விடலாம். இதுவும் ஆரம்ப எக்ஸ்ரேயில் தப்பிவிடும், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். தெரியாமல் நடந்து கொண்டே இருந்தால் விரிசல் முழு முறிவாகும். எலும்பின் கனத்தை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது.

அடுத்தது கிருமி. உடம்பின் எதிர்ப்பை மருந்து அடக்கி வைத்திருப்பதால், மூட்டில் சீழ் பிடித்தாலும் இவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலே இருக்கலாம். நம் நாட்டில் காச நோய் மூட்டைத் தாக்குவதும் நடக்கிறது. மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் காட்டும். அதைப் பார்த்தபடியே ஊசி போட்டு நீரை எடுத்துச் சோதிக்கலாம். இதில் நாள் கடத்தினால் மூட்டு மட்டுமல்ல, உயிரும் ஆபத்துக்குள்ளாகும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புதுச் சிறுநீரகத்தைப் பழைய சிறுநீரகம் இருந்த இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் பக்கவாட்டில், தொடை இடுக்குக்குச் சற்று மேலே வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயோடு இணைக்கிறார்கள். அந்த இடத்தில் நீர் கட்டினாலோ, குழாய் சுருங்கினாலோ, நடக்கும்போது இடுப்பிலும் தொடையிலும் வலி வரலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் சோதனை அதைக் கண்டுபிடிக்கும். பல ஆண்டு டயாலிசிஸ் செய்து கொண்டவர்களுக்கு ஒரு வகைப் புரதம் எலும்பில் படிந்து குழி உண்டாக்குவதும் உண்டு. சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளால் சிலருக்குப் பாதத்திலும் முழங்காலிலும் இரு பக்கமும் ஒரே சமயத்தில் வலி வரும். டாக்டர் மருந்தின் அளவைச் சரி செய்தால் அது தணியும்.

ஒரே வலி, காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. விரிசலுக்கான வைத்தியம் சீழுக்கு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு வலி மாத்திரை கொடுப்பது எதற்குமே ஆகாது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது: மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் போன்ற மாத்திரைகள் மாற்றுச் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. தாயோ மனைவியோ தன் உடம்பை அறுத்துக் கொடுத்த சிறுநீரகத்தை, இடுப்பு வலிக்கு வாங்கிய மாத்திரைக்குப் பலி கொடுப்பதா? எந்த மாத்திரை ஆகும் என்பதைச் சிறுநீரக டாக்டரிடமே கேளுங்கள். எண்ணெய் தேய்த்து உருவுவதால் செத்த எலும்புக்கு ரத்தம் திரும்பி வராது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள்.

இரண்டாவது: "ஸ்டீராய்டுதானே எலும்பைக் கெடுத்தது?" என்று கோபப்பட்டு அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகம் போய்விடும், உயிருக்கே ஆபத்து வரலாம். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

மூன்றாவது: எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சில சமயம் கடோலினியம் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றுவார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அதில் சில வகைகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் கொடிய நோயைக் கொடுத்தன என்பது 2006-இல் வெளிப்பட்டது. எலும்பு செத்திருக்கிறதா என்று பார்க்க இந்த ஊசி சாதாரணமாகத் தேவையில்லை. மாற்றுச் சிறுநீரகம் இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். உடம்பில் பேஸ்மேக்கர் இருந்தாலும், பட்டறையில் இரும்புத் தூள் கண்ணில் தெறித்திருந்தாலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். உள்ளே இருப்பது பெரிய காந்தம். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. கதிர்வீச்சு கிடையாது. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தடதடவென்று சத்தம் கேட்கும். தறிச் சத்தத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு பெரிய காரியமல்ல.

"செலவு யார் கொடுப்பது?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கணக்கைப் பாதியிலேயே நிறுத்தி விடுகிறார்கள். ஒரு ஸ்கேனின் செலவைச் சொல்லுகிறார்கள். ஸ்கேன் எடுக்காததன் செலவைச் சொல்லுவதில்லை. இரண்டு பக்கமும் மூட்டு மாற்ற வேண்டி வந்தால் அதற்கு எவ்வளவு? வேலை போன மாதங்களுக்கு எவ்வளவு? துணைக்கு வரும் மனைவியின் கூலி நஷ்டம் எவ்வளவு? பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளையின் எதிர்காலத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? லட்சக்கணக்கில் செலவழித்துச் சிறுநீரகத்தை வைத்துவிட்டு, அந்த மனிதன் நடக்கிறானா என்று பார்க்காமல் விடுவது சிக்கனம் அல்ல, வீண் செலவு.

ஒவ்வொரு வலிக்கும் எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முதலில் டாக்டர் கையால் தொட்டுப் பரிசோதிக்கட்டும். இரண்டு இடுப்பையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கட்டும். ரத்தம் பார்க்கட்டும். காரணம் அதிலேயே தெரிந்தால் நல்லது. தெரியவில்லை, வலியும் விடவில்லை என்றால், இரண்டு இடுப்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கட்டும். காய்ச்சலோ, காலை ஊன்றவே முடியாத வலியோ இருந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது.

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. என்று ஒன்றாவது இருக்கிறது. விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் கிடையாது. ஸ்கேனுக்குத் தேதி வாங்க ஒரு நடை, படம் எடுக்க ஒரு நடை, முடிவு வாங்க ஒரு நடை, அதைக் காட்ட ஒரு நடை. ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. நடக்க முடியாது என்று வந்தவனைத்தான் இத்தனை நடை நடக்க வைக்கிறார்கள்!

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒவ்வொருவரிடமும், மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போது "தொடைச் சந்து வலிக்கிறதா?" என்று கேட்கப்பட வேண்டும். வலி இருந்து எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால், எம்.ஆர்.ஐ.க்கு முன்னுரிமைத் தேதி தர வேண்டும். அதற்காக எந்த நோயாளியும் கடன் வாங்கும் நிலை இருக்கக் கூடாது. சிறுநீரக டாக்டரும் எலும்பு டாக்டரும் ஒரே நாளில் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். பாரமில்லாத வேலை தேவைப்படும் தொழிலாளிக்கு, நிர்வாகம் அதைக் கொடுக்க வேண்டும்; வேலையை விட்டு விரட்டக் கூடாது.

இவை வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆலையில், உங்கள் தெருவில், உங்கள் சேரியில் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் நடையில் சாய்வு தெரிந்தால் இன்றே கேளுங்கள். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்" என்று அவர் பதில் சொன்னால், அங்கேயே விட்டுவிடாதீர்கள். கூடப் போங்கள். "எக்ஸ்ரேக்குத் தெரியாவிட்டால், தெரிந்த கருவியில் பாருங்கள்" என்று டாக்டரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.